மண்ணைப் பிடித்து நிறுத்திய மாமனிதர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

நாடு பிடித்த மன்னர்களின் வரலாற்றைப் பள்ளிப் பருவம் முதலே படித்து வருகிறோம். அலெக்சாண்டர் எங்கெங்கே படையெடுத்தார், நெப்போலியன் எங்கே தோற்றார் என்று கேட்டால் நம்மில் பலர் உடனே விடை சொல்லிவிடுவோம். ஆனால் மழைநீரோடும் காற்றோடும் ஓடிப்போய்க் கொண்டிருந்த மண்ணைப் பிடித்து நிறுத்திய ஒருவரின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்க நாட்டில் மண் பாதுகாப்பின் தந்தை என்று போற்றப்படும் ஹியூ ஹாமண்ட் பென்னட் என்பவரே அவர். அவருடைய வாழ்க்கையை நான் படித்து அறிந்த அளவில் இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

வேதியியல் மாணவனுக்கு மண்ணைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

இவரை நான் தேடிய காரணம்

நான் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நானே. என் தந்தையார் நான்காம் வகுப்போடு நின்றவர். தாயார் கையெழுத்து மட்டும் போடுவார். ஊருக்கு மேற்கே, கரட்டின் சரிவில், எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை உண்டு. கேழ்வரகும் நிலக்கடலையும் கொள்ளும் விளையும். என் பாட்டனார் காலத்தில் அங்கே ஏர் நன்றாக இறங்குமாம். இன்று பல இடங்களில் கலப்பையின் கொழு கல்லில் உரசும் ஓசை கேட்கிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும் மழைநீர் செந்நிறமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்தச் சிவப்பு எங்கள் சோறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு மாணவர் முகாம் ஒன்றில் ஏழு நாள் கலந்துகொண்டேன். ஒரு கிராமத்தின் கரட்டோரத்தில் குழிகளும் நீண்ட பள்ளங்களும் வெட்டினோம், கற்களை அடுக்கி ஓடையை மறித்தோம், கன்றுகள் நட்டோம். கடைசி நாளில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு பெரும் காரியத்தைச் சாதித்துவிட்ட பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். மழைக்காலம் முடிந்தபின் வேறொரு வேலையாக அவ்வழியே சென்றவன் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். கரைகள் உடைந்து கிடந்தன. கன்றுகளை ஆடுகள் மேய்ந்திருந்தன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவரிடம் காரணம் கேட்டேன். நாங்கள் வெட்டிய இடம் ஊர் ஆடு மாடுகள் காலங்காலமாகப் போய்வரும் தடம் என்றும், வெட்டுவதற்கு முன் எங்களில் ஒருவரும் ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் அவர் கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குற்றம் ஊராருடையதன்று, எங்களுடையதே.

கெட்டுப்போன நிலத்தைத் திருத்துவது எப்படி? அதைத் திருத்த வேண்டியவர் யார்? இந்த இரண்டு கேள்விகளோடு நூலகத்தில் தேடத் தொடங்கியபோதுதான் பென்னட் எனக்கு அறிமுகமானார்.

பிறப்பும் இளமையும்

பென்னட் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தில், ஆன்சன் மாவட்டத்து வேட்ஸ்பரோ என்னும் ஊரை அடுத்த பண்ணையில் பிறந்தார். பருத்தி விளையும் பூமி அது. மேடும் பள்ளமுமான நிலம், செம்மண், தலைமுறை தலைமுறையாகப் பருத்தி ஒன்றையே பயிரிட்டுக் களைத்த மண். மழை பெய்தால் நீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். எனவே அவருடைய தந்தையார் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போடுவது வழக்கம். மட்டம் பார்க்கும்போது கோல் பிடித்து நிற்பது சிறுவன் ஹியூவின் வேலை. எதற்காக இவ்வளவு பாடு என்று மகன் கேட்க, மண் அடித்துப் போகாமல் இருப்பதற்காக என்று தந்தை விடை சொன்னாராம். அவர் பின்னாளில் படித்த புத்தகங்களுக்கெல்லாம் முன்னால் படித்த முதல் பாடம் அதுவே.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் நிலவியலும் பயின்றார். படிப்பின் நடுவே கையில் பணமில்லாமல் போயிற்று. எனவே இரண்டாண்டுக் காலம் படிப்பை நிறுத்திவிட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். மறுபடியும் போய்ச் சேர்ந்து 1903இல் பட்டம் பெற்றார். இதைப் படித்தபோது எனக்கு அவர்மீது தனி அன்பு உண்டாயிற்று. நம் கல்லூரியிலும் இப்படி இடையில் நின்று மறுபடி வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

அதே ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மண்ணியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வுக்கூட வேலையை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்ததோ ஊர் ஊராகச் சுற்றி மண்ணை அளந்து வரைபடம் போடும் களப்பணி. அது அவருக்கு நல்லதாகவே முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்தால் கோப்பைக்குள் வந்து சேர்ந்த மண்ணை மட்டுமே பார்த்திருப்பார். வயலை விட்டு ஓடிப்போன மண்ணைப் பார்த்திருக்க மாட்டார்.

லூயிசாவில் கண்ட காட்சி

1905ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்திற்குத் தம் உடன் பணியாளர் மெக்லெண்டனோடு அவர் அனுப்பப்பட்டார். அங்குள்ள நிலங்களின் விளைச்சல் ஏன் குறைந்துவிட்டது என்று கண்டறிவதே வேலை. அங்கே ஒரு சரிவில் அடுத்தடுத்து இரண்டு நிலங்களைக் கண்டார்கள். ஒன்று ஒருபோதும் உழப்படாத காடு. அதன் மண் கருத்து, ஈரமாக, கையால் தோண்டும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. மற்றது நெடுங்காலம் உழப்பட்ட வயல். அதன் மண் வெளிறி, இறுகி, களிமண் கட்டாகக் கிடந்தது. இரண்டும் ஒரே பாறையிலிருந்து உண்டான மண், ஒரே சரிவு, ஒரே மழை. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

வயலின் மேல்மண் முழுவதும் போய்விட்டது என்பதே விடை. பெரிய பள்ளம் எதுவும் விழவில்லை. ஓடை எதுவும் அறுக்கவில்லை. ஒவ்வொரு மழையும் தாள் அளவு மண்ணை நிலமெங்கும் ஒரே சீராகச் சுரண்டிக்கொண்டு போயிருந்தது. உழுகிறவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆண்டுகள் பல கழிந்து கீழ்மண் வெளியே வந்தபின்தான் நிலம் கெட்டுவிட்டது என்று உணர்கிறான். இதைப் படல அரிப்பு என்பர். ஓடை அறுப்பு ஊரே பார்க்கும் கொள்ளை என்றால், படல அரிப்பு வீட்டார் அறியாமல் நடக்கும் களவு. இருபத்து நான்கு வயது இளைஞர் அன்று கண்ட அந்த உண்மையே அவருடைய வாழ்நாள் பணியாக ஆயிற்று.

தனிக்குரல்

கண்டதைச் சொல்லிவிடுவது எளிதாக இருக்கவில்லை. அப்போது மண்ணியல் பிரிவின் தலைவராக இருந்தவர் மில்டன் விட்னி. மண் என்பது அழியாத செல்வம், எவ்வளவு பயன்படுத்தினாலும் தீர்ந்துபோகாத ஒரே வளம் என்னும் கருத்தை அப்பிரிவு 1909இல் அச்சிட்டே வெளியிட்டது. தலைவர் அப்படிச் சொல்ல, கீழே பணிபுரியும் பென்னட் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, மண் அழிந்துகொண்டிருக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஜார்ஜியா மாநிலத்து ஸ்டூவர்ட் மாவட்டத்தில் உழவு செய்த நிலங்களிலே மழைநீர் அறுத்த பள்ளங்கள் 150 அடி ஆழம் வரை சென்றிருந்தன. பிராவிடன்ஸ் என்னும் பெயருடைய அந்தப் பள்ளத்தாக்கை இன்று மக்கள் அழகிய காட்சியாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் அது இயற்கை செதுக்கிய சிற்பமன்று. மனிதன் செய்த பிழை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் எழுதினார், கூட்டங்களில் பேசினார், கேட்டவர் சிலரே. 1928ஆம் ஆண்டு சாப்லைன் என்பவரோடு சேர்ந்து, மண் அரிப்பு நாட்டையே அச்சுறுத்தும் கேடு என்னும் பொருளில் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். அது நாட்டின் கவனத்தைத் திருப்பியது. டெக்சஸ் மாநிலத்து உறுப்பினர் புக்கனன் முயற்சியால் மண் அரிப்பு ஆராய்ச்சிக்கு 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. பல மாநிலங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. சரிவான பாத்திகளில் ஓடும் நீரைத் தொட்டியில் பிடித்து, அதில் வந்த மண்ணை நிறுத்துப் பார்த்தார்கள். புல் மூடிய பாத்தியிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளில் போகக்கூடிய மண், தொடர்ந்து மக்காச்சோளம் விதைத்த பாத்தியிலிருந்து ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே போய்விடும் என்று கணக்கு காட்டியது. கண்ணால் கண்டதற்கு இப்போது எண்ணும் சாட்சி சொன்னது.

புழுதிப் புயல்

இதற்குள் அமெரிக்காவின் நடுவே பேரிடர் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. டெக்சஸ், ஒக்லஹோமா, கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள் சேரும் இடம் பரந்த புல்வெளி. ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது அங்குலமும் பெய்யாத வறண்ட பூமி. அங்கே காற்று ஓயாமல் வீசும். ஆயினும் குட்டையான புல், ஆழமான வேர்களால் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் புல்லை எருமைக் கூட்டங்கள் மேய்ந்தன. அந்த எருமைகளை நம்பிப் பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் எருமைகள் சுட்டு அழிக்கப்பட்டன, பழங்குடியினர் விரட்டப்பட்டனர், குடியேறியவர்களுக்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறிற்று. டிராக்டரும் வந்தது. இலட்சோப இலட்சம் ஏக்கர் புல்வெளி உழப்பட்டது. சில ஆண்டுகள் மழையும் நன்றாகப் பெய்ததால் எல்லோரும் மயங்கினர். 1931இல் அமோகமாக விளைந்து கோதுமை விலை விழுந்தது. தொடர்ந்து வறட்சி வந்தது. விதைத்தது முளைக்கவில்லை, பிடித்து வைக்கப் புல்லும் இல்லை. மண் எழுந்து பறக்கத் தொடங்கிற்று. 1932இல் 14 புழுதிப் புயல்களும், 1933இல் 38 புயல்களும் எண்ணப்பட்டன. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி, நாட்டைக் கடந்து நியூயார்க் நகரத்தை மூடி, அட்லாண்டிக் பெருங்கடலில் சென்ற கப்பல்களின்மேலும் படிந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் இருள் சூழ்ந்தது. கறுப்பு ஞாயிறு என்றே அந்நாளை இன்றும் அழைக்கிறார்கள். குழந்தைகள் புழுதியைச் சுவாசித்து நுரையீரல் நோயால் மடிந்தனர். இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டுப் போயினர். ஆனாலும் பெரும்பாலோர் அங்கேயே இருந்தனர். போக இடமில்லாதவர்களும், நிலத்தை விட மனமில்லாதவர்களும் அவர்கள்.

தலைநகரில் இருண்ட வானம்

1933 செப்டம்பரில் மண் அரிப்புத் தடுப்புப் பணி என்னும் தற்காலிக அமைப்பொன்றை அரசு தொடங்கி, அதற்குப் பென்னட்டைத் தலைவராக்கியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கையில் ஐம்பது இலட்சம் டாலர். இத்தொகையை நாடு முழுவதும் தூவியிருந்தால் ஒரு பயனும் விளைந்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. சில ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, அவற்றை முழுமையாகத் திருத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார். முதலாவதாகத் தேர்ந்தது விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் கிரீக் ஓடை. அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று உழவரோடு அமர்ந்து, அவரவர் பண்ணைக்குத் திட்டம் வரைந்தனர். சம்மதித்தவர் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். விதையும் சுண்ணாம்பும் கம்பி வேலியும் அரசு கொடுத்தது. வேலையில்லா இளைஞர் படை உடலுழைப்புத் தந்தது. மேலிருந்து கீழாக உழுத வயல்கள், சரிவுக்குக் குறுக்கே வளைந்து செல்லும் பட்டைகளாக மாறின. ஒரு பட்டை மக்காச்சோளம், அடுத்தது புல். செங்குத்தான மேடுகளில் மாடு மேய்வது நிறுத்தப்பட்டது. அந்த வளைந்த பட்டைகளை இன்றும் அங்கே காணலாம்.

ஆனால் தற்காலிக அமைப்புக்கு ஆயுள் குறைவு. அதை நிலையான துறையாக்க வேண்டி 1935 வசந்த காலத்தில் நாடாளுமன்றக் குழுவின் முன் பென்னட் சாட்சியம் அளித்தார். அப்போது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. மேற்கிலிருந்து ஒரு புழுதிப் புயல் தலைநகரை நோக்கி வருகிறது என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். எனவே வேண்டுமென்றே தம் பேச்சை நீட்டிக்கொண்டே போனாராம். உறுப்பினர்கள் சலிப்படைந்த வேளையில் சன்னலுக்கு வெளியே வானம் இருண்டது. வெகு தொலைவுக்கு அப்பாலிருந்த வயல் காற்றிலேறி அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டது. அதன்பின் வாதத்துக்கு என்ன தேவை? 1935 ஏப்ரல் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஒரு நாடு தன் மண்ணைக் காப்பதைத் தன் நிலையான கடமையாக ஏற்றது. மண் பாதுகாப்புத் துறைக்குப் பென்னட்டே முதல் தலைவரானார்.

புழுதி பறந்த வறண்ட பூமிக்கு அவர் தேர்ந்தெடுத்த மனிதர் ஃபின்னெல். ஒக்லஹோமாவில் வறட்சிப் பூமியிலேயே ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர். பெய்கிற மழை குறைவுதான்; ஆனால் பெய்கிற இடத்திலேயே அதை நிறுத்தினால் பயிர் வரும் என்பது அவர் கண்ட உண்மை. டெக்சஸ் மாநிலத்து டால்ஹார்ட்டில் 1934இல் வேலை தொடங்கிற்று. சம உயரக் கோட்டில் ஆழச்சால் போட்டார்கள். நீர் நின்றது, மண் கட்டிகள் காற்றைத் தடுத்தன. அறுவடைக்குப் பின் தாளை எரிக்காமல் நிலத்திலேயே விட்டார்கள். மணல் மேடுகளைச் சமன்செய்து சோளம் விதைத்தார்கள். உழவே கூடாத நிலத்தில் மறுபடியும் புல்லையே விதைத்தார்கள். அரசு விலைக்கு வாங்கிப் புல்வெளியாக மாற்றிய நிலங்கள் பல, இன்று தேசியப் புல்வெளிகளாக இருக்கின்றன. உழுவதற்கு ஓர் ஆண்டு போதும். புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பல ஆண்டுகள் வேண்டும்.

உழவர் கையில் பொறுப்பு

என் கேள்விக்கு விடை கிடைத்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

ஒருவர் தம் நிலத்தில் சால் போட்டு மண்ணைக் காக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் எங்கோ நகரத்தில் இருக்கிறார். விலை ஏறினால் வந்து விதைத்துவிட்டுப் போவார், இறங்கினால் நிலத்தை அப்படியே விட்டுவிடுவார். அந்தத் தரிசிலிருந்து பறக்கும் மண் இவர் பயிரை மூடுகிறது. இவர் என்ன செய்வார்? அரசு அதிகாரி என்ன செய்வார்? தனி உழவரோடு தனித்தனி ஒப்பந்தம் செய்து இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது. காற்றும் நீரும் பட்டா எல்லையைப் பார்ப்பதில்லை.

இதற்கு வழியாக எழுந்ததே மண் பாதுகாப்பு வட்டம் என்னும் ஏற்பாடு. இந்த யோசனை பென்னட் ஒருவருடையதன்று என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். வேளாண்மைத் துறையின் வில்சனும், சட்டம் வரைந்த பிலிப் கிளிக்கும் இதில் பெரும்பங்கு கொண்டவர்கள். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1937 பிப்ரவரியில் மாதிரிச் சட்டத்தை எல்லா மாநில ஆளுநர்களுக்கும் அனுப்பினார். அதன்படி ஒரு பகுதியில் நிலத்தைப் பயன்படுத்துவோர் இருபத்தைந்து பேர் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். பொது விசாரணை நடக்கும். பின் வாக்கெடுப்பு நடக்கும். மக்கள் விரும்பினால் வட்டம் அமையும். அதை நடத்தும் ஐவரில் மூவரை அவ்வூராரே தேர்ந்தெடுப்பர். எந்தச் சரிவை முதலில் திருத்துவது, எந்தப் பொறியைப் பொதுவில் வாங்குவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்வர். அரசு அதிகாரி அவர்களுக்கு எசமானர் அல்லர். கேட்டால் வழி சொல்லும் துணைவர். தென்கிழக்குக் கொலராடோவின் சில வட்டங்களில், காற்றில் பறக்கக்கூடிய புல்வெளியை உழுவதைக் கட்டுப்படுத்தும் விதிகளை உழவர்களே வாக்களித்து ஏற்படுத்திக்கொண்டனர். தலைநகரிலிருந்து அப்படியொரு கட்டளை வந்திருந்தால் அதே உழவர்கள் எதிர்த்து நின்றிருப்பார்கள்.

முதல் வட்டம் எது தெரியுமா? 1937 ஆகஸ்ட் 4ஆம் நாள் அமைந்த பிரவுன் கிரீக் வட்டம். அது இருப்பது வட கரோலினாவின் ஆன்சன் மாவட்டத்தில். சிறுவன் ஹியூ தந்தைக்குக் கோல் பிடித்து நின்ற அதே மண்ணில். பத்தாண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் இச்சட்டத்தை ஏற்றன. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 3,000 வட்டங்கள் இயங்குகின்றன.

குறைகளும் உண்டு

மாமனிதர் என்பதால் எல்லாம் நிறைவாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. வட்டங்களில் நிலம் உடையவர் குரலே ஓங்கியது. குத்தகைக்கு உழுதவரும், தென் மாநிலங்களில் கறுப்பின உழவரும் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்ட பூமியே அது என்பதைச் சட்டம் நினைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோதுமை விலை ஏறியபோது பலர் பழைய பாடத்தை மறந்து மறுபடியும் புல்வெளியை உழுதனர். 1950களில் வறட்சி வந்தபோது மறுபடியும் புழுதி எழுந்தது. மண்ணை ஒருமுறை காத்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது என்பதையே இது காட்டுகிறது. ஆனாலும் வட்டங்களும் வரப்புகளும் புல்வெளிகளும் இருந்ததால், 1930களின் கொடுமை அதே அளவில் திரும்பவில்லை.

இறுதிக் காலம்

பென்னட் பருத்த உடலும் உரத்த குரலும் உடையவர். அதிகாரிகளிடம் பேசுவதைவிட, வயலில் மண்டியிட்டு மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி உழவரிடம் பேசுவதிலேயே அவருக்கு விருப்பம் மிகுதி. பல நாடுகளின் மண்ணைப் பார்த்தவர். 1944இல் அழைப்பின்பேரில் தென்னாப்பிரிக்கா சென்று வந்தார். இரண்டாண்டில் அந்நாடும் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1951 வரை துறைத் தலைவராக இருந்து, பின் ஓய்வு பெற்றார். 1960 ஜூலை 7ஆம் நாள் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. போர்வீரர்கள் உறங்கும் அந்த இடத்தில், மண்ணுக்காகப் போராடிய ஒருவரும் உறங்குவது பொருத்தமே.

முடிவுரை

இவ்வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தெளிவான உண்மை ஒன்றே. நிலத்தைத் திருத்தும் அறிவை வெளியிலிருந்து கொண்டுவரலாம், பணத்தையும் கொண்டுவரலாம். ஆனால் திருத்துவது என்னும் முடிவை அந்தச் சரிவில் வாழ்பவர்கள் ஒன்றுகூடி எடுத்தால்தான் கரை நிற்கும். எங்கள் முகாமில் நாங்கள் மண்வெட்டியைக் கொண்டு போனோம். காதைக் கொண்டு போகவில்லை. பென்னட்டிடம் சட்டமும் பணமும் துறையும் இருந்தன. இருந்தும் அவர் உழவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார்.

என் வீட்டுக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் கொல்லைக்கு மேலே இருப்பது என் பெரியப்பாவின் கொல்லை. அவர் நிலத்து நீர் எங்கள் வரப்பை உடைக்கிறது என்று அப்பாவுக்குக் கோபம். எங்கள் வரப்பால் தம் நிலத்தில் நீர் தேங்குகிறது என்று அவருக்குக் கோபம். ஆண்டுதோறும் ஒருவர் கட்டுவதை மற்றவர் வெட்டுவார். பத்தாண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இடையில் ஓடிப்போனது இருவருடைய மண்ணும்தான். இனி இந்தக் கல்லுக்காட்டை வைத்து என்ன பயன், நான் பட்டம் வாங்கியதும் விற்றுவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் நான் முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நீர் எந்த வழியாக வருகிறது என்று அவரையே காட்டச் சொன்னேன். அவர் காட்டியதில், நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்தும் அறியாத செய்திகள் பல இருந்தன. பிறகு ஊர்க் கொத்தனாரிடம் மட்டக்குழாய் வாங்கி வந்தோம். ஒரு முனையைப் பெரியப்பாவும், மறுமுனையை அப்பாவும் பிடித்தார்கள். முதலில் இருவரும் என்னிடமே பேசினார்கள். நடுக்கொல்லைக்கு வருவதற்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். இரண்டு கொல்லைக்கும் பொதுவாகச் சம உயரத்தில் முளை அடித்தோம். நீர் வெளியேற ஒரே வழி, அதற்குக் கல் வாய் என்று முடிவாயிற்று. கீழே இருக்கும் மூன்றாவது கொல்லைக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவரிடம் நானும் பெரியப்பாவும் மறுபடி போகவேண்டும். அதுவரை வரப்பு அவர் எல்லையோடு நின்றிருக்கும்.

நிலத்தை விற்பதைப் பற்றி, இந்த ஒரு மழையைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

மாணவத் தோழர்களே, நம்மில் பலர் புன்செய்க் காட்டின் பிள்ளைகள். பட்டம் பெற்று நகரத்துக்குப் போகும் கனவு நம் எல்லோருக்கும் உண்டு, அது தவறன்று. ஆனால் அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மழை பெய்தால், ஓடும் நீரின் நிறத்தை ஒரு கணம் நின்று பாருங்கள். அது சிவந்திருந்தால், மேல் கொல்லைக்காரர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.